நாலு ஜிபி வாங்கினோம், மூன்றேகால் காட்டுகிறதே!

கடைக்காரர் பில்லில் 4 ஜிபி மெமரி என்று போட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால் 3.25 ஜிபி என்கிறது. மீதி முக்கால் ஜிபி எங்கே போயிற்று? நம் வயதுக்காரர்களுக்கு உடனே வருவது ஒரே சந்தேகம்தான்: ஏமாற்றிவிட்டான். ரேஷன் கடைத் தராசையும் மண்ணெண்ணெய் அளவையும் பார்த்துப் பார்த்துப் பழகிய தலைமுறை அல்லவா நாம்!

பழைய கம்ப்யூட்டரை இன்னும் வைத்திருக்கும் அன்பர்கள் சிலர் என்னிடமும் இதைக் கேட்பதுண்டு. பெரும்பாலும் இதில் திருட்டு எதுவும் கிடையாது. இந்தக் குறைவுக்கு 1981-ஆம் ஆண்டிலிருந்து வரும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு சொல். நான் புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் கம்ப்யூட்டரை 'ஒர்தினாத்தேர்' என்பார்கள். 1955 ஏப்ரலில் ஐபிஎம் நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை கேட்டுக்கொண்டதன் பேரில், சொர்போன் பல்கலைக்கழகத்தின் லத்தீன் பேராசிரியர் ழாக் பெரே என்பவர் எழுதிக் கொடுத்த சொல் அது. உலகத்தை ஒழுங்குபடுத்தும் இறைவனைக் குறிக்க லித்ரே அகராதியில் இருந்த பழைய சொல்லை எடுத்து இயந்திரத்துக்கு வைத்தார். ஆங்கிலச் சொல்லுக்குக் கணக்குப் போடுவது என்று பொருள். பிரெஞ்சுச் சொல்லுக்கு ஒழுங்கு செய்வது என்று பொருள். நம்முடைய முக்கால் ஜிபி கணக்கில் தொலையவில்லை, ஒழுங்கு செய்த விதத்தில்தான் மறைந்தது. ஆகையால் பெரே ஐயாவின் சொல் இங்கே பொருத்தமாகவே இருக்கிறது.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நம்பரிங் மெஷின் ஞாபகம் இருக்கும். தட்டினால் தாளில் எண் விழும், அடுத்த தட்டுக்கு அடுத்த எண். நாலு சக்கரம் உள்ள மெஷினில் 9999 வரை போகும். அதற்கு மேல் தட்டினால் மறுபடி 0000. பத்தாயிரம் தாளுக்கு மேல் உங்களிடம் இருந்தாலும் அந்த மெஷினால் வேறு புது எண் கொடுக்க முடியாது.

கம்ப்யூட்டர் மெமரியும் இப்படித்தான். மெமரி என்பது கோடிக்கணக்கான சிறு அறைகள் கொண்ட ஒரு தெரு. ஒவ்வோர் அறையிலும் ஒரு பைட் தங்கும். (பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்த கம்ப்யூட்டரில் ஜிபிக்குப் பதிலாக 'ஜிகா ஒக்தே' என்று இருக்கும். எட்டு பிட் கொண்டது ஒக்தே. பைட்டும் அதுவும் ஒன்றே.) ஒவ்வோர் அறைக்கும் ஒரு கதவு எண் வேண்டும். எண் இல்லாத அறைக்குத் தபால்காரர் போக முடியாது. அறை கட்டியிருந்தாலும் இல்லாததற்குச் சமம்.

1979-இல் இன்டெல் கம்பெனி 8088 என்ற சிப்பை வெளியிட்டது. அதற்கு இருபது முகவரிக் கம்பிகள். அதாவது இருபது சக்கரம் உள்ள நம்பரிங் மெஷின். ஆனால் ஒவ்வொரு சக்கரத்திலும் 0, 1 என்று இரண்டே இலக்கம். இரண்டை இருபது முறை பெருக்கினால் 10,48,576. அத்தனைதான் கதவு எண்கள். இதைத்தான் ஒரு மெகாபைட் என்றார்கள்.

ஐபிஎம் தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை 1981 ஆகஸ்ட் 12 அன்று நியூயார்க்கில் அறிவித்தபோது அதில் இருந்தது இந்தச் சிப்தான். அடிப்படை மாடலின் விலை 1,565 டாலர். அதில் இருந்த மெமரி வெறும் 16 கிலோபைட். கவனியுங்கள், மெகா அல்ல, கிலோ.

வடிவமைத்த பொறியாளர்கள் தெருவை இரண்டாகப் பிரித்தார்கள். கீழே உள்ள 640 கிலோபைட் எண்கள் புரோகிராம்களுக்கு. மேலே உள்ள 384 கிலோபைட் எண்கள் இயந்திரத்தின் சொந்த உபயோகத்துக்கு. எதற்காக மேல்பக்கத்தை ஒதுக்கினார்கள்? அதற்குச் சரியான காரணம் இருந்தது. மின்சாரம் வந்தவுடன் 8088 சிப் முதலில் போய்க் கதவைத் தட்டுவது 10,48,560-ஆம் எண்ணில், அதாவது தெருவின் கோடியில், கடைசிப் பதினாறு எண்களின் தொடக்கத்தில். அங்கே எப்போதும் அழியாத ஒரு கட்டளை இருக்க வேண்டும். அதனால் பயாஸ் எனப்படும் நிரந்தரச் சிப்பை அங்கே குடிவைத்தார்கள். திரைக்கும் எண்கள் தேவைப்பட்டன. 80 எழுத்து அகலம், 25 வரி உயரம், ஆக 2,000 எழுத்து. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட் வீதம் 4,000 பைட். அந்த எண்களில் எதை எழுதினாலும் திரையில் தெரியும். பின்னால் வரப்போகும் கார்டுகளுக்கும் இடம் விட்டுவைத்தார்கள்.

16 கிலோபைட் விற்ற காலத்தில் 640 என்பது நாற்பது மடங்கு. யாருக்கும் அது குறைவாகத் தோன்றியிருக்காது. ஆனால் சில வருடங்களிலேயே லோட்டஸ் 1-2-3 கணக்குத் தாள்கள் பெருத்துப்போய், மெமரி போதவில்லை என்று நின்றன. ஒரு மெகாபைட் வாங்கிப் போட்டாலும் டாஸ் புரோகிராம்களுக்கு நேரடியாகக் கிடைத்தது 640 கிலோபைட்டே. தொண்ணூறுகளில் எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது 'செக்டிஸ்க்' என்று தட்டினால் மொத்த மெமரி 655360 பைட் என்று காட்டும். எந்த மேஜையில் தட்டினாலும் அதே எண். நினைவிருக்கிறவர்கள் இப்போது புன்னகைப்பீர்கள். அதுதான் அந்த 640.

இதைச் சமாளிக்க அவர்கள் செய்த வித்தைகள் கொஞ்சமல்ல. 1985-இல் லோட்டஸும் இன்டெல்லும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து ஒரு முறையைக் கொண்டுவந்தன. மேல்பக்கத்தில் காலியாக இருந்த 64 கிலோபைட் எண்களை ஒரு ஜன்னல் மாதிரி வைத்து, அதன் வழியே கூடுதல் மெமரியைத் துண்டு துண்டாக மாற்றி மாற்றிக் காட்டினார்கள். அதற்கு முந்தைய வருடமே 286 சிப் உள்ள ஐபிஎம் ஏடி வந்திருந்தது. அதற்கு 24 கம்பிகள், 16 மெகாபைட் வரை எண் உண்டு. ஆனால் பழைய 8088-இல் ஒரு மெகாபைட் தாண்டினால் எண் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும், நம் நம்பரிங் மெஷின் போலவே. சில புரோகிராம்கள் அந்தத் திரும்பலையே நம்பி எழுதப்பட்டிருந்தன. அவை ஓட வேண்டுமே என்று, இருபத்தோராவது கம்பியை அடைத்துத் திறக்க ஒரு தாழ்ப்பாள் வைத்தார்கள். அந்தத் தாழ்ப்பாளை இயக்கும் பொறுப்பைக் கீபோர்டைக் கவனிக்கும் சிப்பிடம் கொடுத்தார்கள். அதில் ஒரு கால் காலியாக இருந்ததாம்! பழைய மனுக்களைக் காப்பாற்றப் புது விதியில் விலக்கு போடும் நம் அலுவலக வழக்கம்தான் நினைவுக்கு வருகிறது.

1985-இல் 386 சிப் வந்தது. 32 கம்பிகள். இனி 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 கதவு எண்கள், அதாவது 4 ஜிபி. ஒரு மெகாபைட்டுக்கே திண்டாடிய காலத்தில் 4 ஜிபி என்பது கடல். ஆனாலும் ஏற்பாடு அதேதான். பயாஸும் வீடியோ கார்டும் நெட்வொர்க் கார்டும் தெருவின் கோடியில், அதாவது 4 ஜிபிக்குச் சற்றுக் கீழே உள்ள எண்களில் குடியேறின. இருபது வருடத்துக்கு யாரும் அதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் மெமரி அந்த இடம் வரை வளரவில்லை. பிறகு விலை சரிந்து, சாதாரண மேஜைக் கம்ப்யூட்டரிலேயே 4 ஜிபி போட முடிந்தபோது, மெமரி அறைகள் போய் முட்டிய இடத்தில் ஏற்கனவே வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். மெமரியின் கடைசி முக்கால் ஜிபிக்கு எண் இல்லை. எல்லாக் கம்ப்யூட்டரிலும் இதே அளவு குறையாது. வீடியோ கார்டு பெரிதாக இருந்தால் இன்னும் அதிகமாகக் குறையும்.

சிப்பைக் குறை சொல்ல முடியாது. 1995-இல் வந்த பென்டியம் ப்ரோவிலேயே 36 கம்பிகள், 64 ஜிபி வரை எண் போடலாம். ஆனால் பல கார்டுகளுக்கான டிரைவர் புரோகிராம்கள் 4 ஜிபிக்கு மேற்பட்ட எண்ணைப் பார்த்தால் தடுமாறின. கம்ப்யூட்டர் நின்று போவதைவிட மெமரி கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை என்று, 2004-இல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 முதல் மைக்ரோசாஃப்ட் 4 ஜிபி எண்ணோடு நிறுத்திக்கொண்டது.

இதில் ஒரு மனிதரின் பிழைப்பும் அடங்கியிருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, ஓர் அலுவலகத்தில் 12 கம்ப்யூட்டர்கள் வாங்கினார்கள். ஒவ்வொன்றிலும் 4 ஜிபி என்று ஆர்டர். எல்லாம் எக்ஸ்பி. சரிபார்த்த அதிகாரி ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து 3.25 என்று குறித்துக்கொண்டார். முக்கால் வீதம் பன்னிரண்டுக்கு 9 ஜிபி குறைவு என்று கோப்பில் ஏறிவிட்டது. பில் நிறுத்திவைக்கப்பட்டது. கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து பொருத்திய இளைஞன்தான் சிப்பைக் கழற்றி விற்றிருப்பான் என்று பேச்சு. பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். "சார், எல்லா மிஷின்லயும் ஒரே மாதிரி எப்படி சார் குறையும்?" என்று என் மேஜைக்கு வந்து கேட்டான். நியாயமான கேள்வி. திருடுகிறவன் முக்கால் முக்காலாக ஒரே அளவில் வெட்டி எடுக்க முடியுமா?

ஸ்டாக் ரெஜிஸ்டர் என் பொறுப்பில் இருந்தது. ரெஜிஸ்டரில் என்ன இருந்தாலும், திரையில் என்ன தெரிந்தாலும், பொருளைக் கையால் எண்ணிப் பார்ப்பதுதான் ஃபிசிகல் வெரிஃபிகேஷன். அப்படியே குறிப்பு எழுதி வைத்தேன். பெட்டிகளைத் திறந்தார்கள். ஒவ்வொன்றிலும் 2 ஜிபி லேபிள் ஒட்டிய இரண்டு பட்டைகள், மொத்தம் 24. எல்லாம் சரியாக இருந்தன. கம்ப்யூட்டர் தொடங்கும்போதே பயாஸ் திரையில் 4096 எம்பி என்றும் வந்தது. பில் பாஸ் ஆயிற்று. ஆனால் இதற்குள் சில மாதங்கள் ஓடிவிட்டன. பையனை அவன் முதலாளி முன்பே நிறுத்திவிட்டிருந்தார். கோப்பில் அவன் பெயரே கிடையாது. அதனால் அவன் குற்றமற்றவன் என்று எழுதவும் கோப்பில் இடம் இல்லை.

இத்தகைய புகார்கள் உலகம் முழுவதும் எழுந்திருக்க வேண்டும். 2008-இல் விஸ்டா சர்வீஸ் பேக் 1 வந்தபோது மைக்ரோசாஃப்ட் திரையில் காட்டும் எண்ணையே மாற்றியது. உபயோகிக்கக் கிடைப்பதைக் காட்டுவதற்குப் பதிலாக, பொருத்தியிருப்பதைக் காட்டியது. அடுத்த வருடம் வந்த விண்டோஸ் 7 இரண்டையும் சேர்த்து, பொருத்தியது 4, உபயோகத்துக்கு 3.25 என்று காட்டியது. நல்ல கணக்கர் செய்வது போல மொத்தத்தையும் நிகரத்தையும் ஒரே வரியில் போட்டார்கள்.

இப்போதைய கம்ப்யூட்டர்கள் 64 பிட். 2003-இல் ஏஎம்டி கம்பெனி தொடங்கிவைத்த அந்த முறையில் கதவு எண்ணுக்குப் பஞ்சமே இல்லை. முட்டிக்கொண்ட அறைகளை 4 ஜிபிக்கு மேலே புது எண் கொடுத்து நகர்த்திவிடலாம். ஆனாலும் 8 ஜிபி போட்டால் 7.88 என்பது போலக் கொஞ்சம் குறைத்தே காட்டும். தனி வீடியோ கார்டு இல்லாத கம்ப்யூட்டர், திரைக்கு வேண்டியதை மெமரியிலிருந்தே எடுத்துக்கொள்வது அதற்கு முக்கியக் காரணம்.

ஹார்டு டிஸ்க் விஷயத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 500 ஜிபி டிஸ்க் 465 என்று காட்டுவது அளவைப் பிரச்சினை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1795-இல் சட்டமாக்கிய கிலோவுக்கு ஆயிரம் என்று பொருள். டிஸ்க் விற்பவர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார். விண்டோஸ் 1,024 வீதம் கணக்கிடுகிறது. பொருள் ஒன்றே, படிதான் வேறு. இந்தக் குழப்பம் வேண்டாம் என்று 1998-இல் 1,024 கணக்குக்கு 'கிபி', 'மெபி', 'கிபி பைட்' என்றெல்லாம் தனிப் பெயர்கள் வைத்தார்கள். கடைத்தெருவில் யாரும் அவற்றைச் சொல்லிக் கேட்டதில்லை.

ஆக, உங்கள் கம்ப்யூட்டர் குறைத்துக் காட்டினால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா? 32 பிட் என்றால் 8 ஜிபி போட்டாலும் மூன்று சொச்சம்தான் வரும். இரண்டு, குறைவு எவ்வளவு? சில்லறையாகக் குறைந்தால் ஒதுக்கீடு. 8 ஜிபிக்குச் சரிபாதியாக 4 என்று காட்டினால், ஒரு பட்டை சரியாக அமரவில்லை, அல்லது பழுது, அல்லது உள்ளே இல்லவே இல்லை. பெட்டியைத் திறக்கச் சொல்லி எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் கடைக்காரரைத் தாராளமாகக் கேளுங்கள். பில்லை எடுத்துக்கொண்டு போக மறக்க வேண்டாம்.