வில்லியனூர் கிளாஸில் சீனா: ஒரு இலை நம்ம பக்கம் வந்த கதை

(ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னிக்கு எபிசோட் ஒரு டீக்கடையில ஆரம்பிக்குது.

வில்லியனூர்ல கோயில் கோபுரம் தெரியுற தூரத்துல ஒரு கடை. கூட வந்த நண்பன் சென்னையில வேலை பார்க்கிறவன். போன்ல ஒரு படத்தைக் காட்டினான். யுன்னான்ல இருந்து வர்ற பு-அர் டீ, வட்டமா அடை மாதிரி அழுத்தி வச்சிருக்கு. விலையைப் பார்த்தா எனக்கு ஒரு மாச டீச்செலவு. "ஒரிஜினல் சைனா டீ குடிக்கணும்டா, எங்க வாங்குறது?"ன்னு கேட்டான். டீ ஆத்திட்டு இருந்த மாஸ்டர் காதுல அது விழுந்திருக்கு. கிளாஸை மேசையில வச்சிட்டுச் சொன்னார்: "தம்பி, இதுவும் சீனாவுல இருந்து வந்ததுதானே."

சிரிச்சிட்டோம். ஆனா அவர் சொன்னது எவ்வளவு தூரம் சரி? அதைத் தேடிப் போனதுல ஒரு பாண்டிச்சேரி தாவரவியலாளர், மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடந்த சில செடிகள், பேர் தெரியாத சில சீனக் கைதிகள், இவ்வளவு பேரும் வந்துட்டாங்க.

பேர்லயே இருக்கு

முதல்ல பேரைப் பார்ப்போம். தேயிலைன்னா தே + இலை. அந்த "தே" தமிழ் இல்ல. சீனாவின் தென்கிழக்குக் கடற்கரையில், ஃபூஜியான் பகுதியில் பேசும் மின்னான் மொழியில் இந்த இலைக்கு "தே" என்று பெயர். சீனாவின் மற்ற பெரும்பாலான பகுதிகளில் "சா". தரை வழியாக டீ போன ஊர்களில் பெரும்பாலும் "சா" ஒட்டிக்கொண்டது: பாரசீகம், ரஷ்யா, வட இந்தியாவின் "சாய்". ஃபூஜியான் துறைமுகங்களிலிருந்து கடல் வழியாகப் போன இடங்களில் "தே" ஒட்டிக்கொண்டது: மலாய்க்காரர்களின் "தே", ஆங்கிலேயரின் "டீ", பிரெஞ்சுக்காரர்களின் "தே". ஒரு காலத்தில் பாண்டிச்சேரி வெள்ளைக்காரத் தெருவில் பிரெஞ்சில் கேட்டதும், இலங்கைத் தமிழர் "தேத்தண்ணி" என்பதும் ஒரே வேர்.

கிண்ணம் வந்தது, இலை வரலை

சீனாவோட நமக்குத் தொடர்பு டீயில ஆரம்பிக்கல. வில்லியனூரை ஒட்டி ஓடுற சங்கராபரணி கீழே போய்ப் பிரியுது. அந்தக் கிளைதான் அரியாங்குப்பம் ஆறு. அதன் கரையில்தான் அரிக்கமேடு. ரோமானிய மது ஜாடிகளுக்காக எல்லாருக்கும் தெரிஞ்ச இடம். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, பிற்காலத்து மண்ணடுக்குகளில் பச்சைப் பளபளப்புப் பூசிய சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. ஏறக்குறைய சோழர் காலம், சீனாவில் சோங் வம்சத்தின் காலம்.

அதே காலத்தில் சீனாவில் டீ உச்சத்தில் இருந்தது. அதற்கு முன்பே, 8-ஆம் நூற்றாண்டில், லூ யூ என்பவர் டீக்கென்று ஒரு தனி நூலே எழுதிவிட்டார். சோங் காலத்தில் இலையை அரைத்துத் தூளாக்கி, கிண்ணத்தில் வெந்நீர் விட்டு, மூங்கில் துடைப்பத்தால் நுரைக்க அடித்துக் குடித்தார்கள். இன்று நம்ம கஃபேயில் கிடைக்கும் மாட்சாவுக்கு மூதாதை அதுதான். பிறகு 1391-ல் மிங் வம்சத்தின் முதல் பேரரசர், அழுத்திச் செய்த டீ அடைகளை அரண்மனைக்குக் கப்பமாக அனுப்ப வேண்டாம், உதிரி இலையே போதும் என்று ஆணையிட்டார். இலையைப் பாத்திரத்தில் போட்டு வெந்நீர் ஊற்றி வடிக்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் பரவலானது.

இவ்வளவு நடந்தும், சீனப் பீங்கான் வந்த நம்ம ஆத்தங்கரையில டீ ஊர்ப் பழக்கமாகல. பாகூர் நெல்வயல் பக்கம் காலையில குடிச்சது நீராகாரம். டீ இங்க வந்து சேர்ந்தது வேற வழியில. அந்த வழி கொஞ்சம் கசப்பு.

வெள்ளி, அபின், தேயிலைக் குழு

18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா டீக்கு அடிமையானது. விற்றது சீனா மட்டும்தான், அதுவும் கான்டன் துறைமுகத்தில் வெள்ளிக்குத்தான். வெள்ளி கரைந்துகொண்டே போக, ஆங்கிலேயர்கள் இந்தியாவில் விளைந்த அபினைச் சீனாவுக்குக் கடத்தி அந்தப் பணத்தில் டீ வாங்கினார்கள். 1833-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சீன வணிக ஏகபோகம் போனது. இனி இந்தியாவிலேயே பயிரிட்டால் என்ன என்று யோசித்து, அடுத்த வருடம் கவர்னர் ஜெனரல் பென்டிங்க் ஒரு தேயிலைக் குழு அமைத்தார். அதன் செயலாளர் கார்டன் சீனாவுக்குக் கப்பலேறினார். அவர் அனுப்பிய விதைகளிலிருந்து கல்கத்தாவில் சுமார் 42,000 நாற்றுகள் முளைத்தன. பெரும்பகுதி அஸ்ஸாமுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் போனது. தெற்கே வந்தது சுமார் 2,000. அதில் கொஞ்சம் ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் இருந்த அரசு சோதனைப் பண்ணைக்கு வந்தது.

கேத்தியில் புதைந்த செடிகள்

இங்கதான் பாண்டிச்சேரி கதைக்குள்ள வருது.

கேத்திப் பண்ணை சரியாகப் போகவில்லை. 1836-ல் மூடினார்கள். அங்கிருந்த வீட்டைப் பாண்டிச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் சேன் சிமோன் தங்குவதற்குக் கொடுத்தார்கள். அப்படித்தான் ஜார்ஜ் சாமுவேல் பெரோத்தே என்ற தாவரவியலாளர் அந்தச் செடிகளைப் பார்த்தார். சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், பிரெஞ்சு அரசுக்காக உலகம் சுற்றியவர். அவுரிச் சாயத்தில் நிபுணர்.

அவர் பார்த்தபோது தேயிலைச் செடிகள் சாகக் கிடந்தன. காரணம் எளிது. நட்டவர் தண்டையும் கிளைகளையும் சேர்த்து மண்ணுக்குள் புதைத்து, இலை நுனி மட்டும் வெளியே தெரிய விட்டிருந்தார். பெரோத்தே மண்ணை வேர்க்கழுத்து வரை விலக்கச் செய்தார். செடிகள் பிழைத்தன, சில வருடங்களில் தழைத்துப் பூத்தன. 1840-ல் ஜான் சல்லிவன் நீலகிரித் தேயிலையின் மாதிரியைச் சென்னை வேளாண் தோட்டக்கலைச் சங்கத்துக்கு அனுப்பினார். வணிகத் தோட்டங்கள் வர இன்னும் ஏறக்குறைய இருபது வருடம் ஆனது. ஆனால் இந்த மலையில் சீனச் செடி வளரும் என்பது தெரிந்துவிட்டது.

பெரோத்தே பிறகு பாண்டிச்சேரியில், நாம இன்னிக்கும் ஞாயித்துக்கிழமை சுத்துற பொட்டானிகல் கார்டனின் பொறுப்பில் இருந்தார். 1870-ல் இதே ஊரில் இறந்தார். அவர் பேர் நூல்களில் இருக்கு. ஆனா அந்த மண்ணைக் கிளறி விலக்கின மண்வெட்டி அவர் கையில இருந்திருக்குமா? பண்ணை ஆளுங்க கையிலதான் இருந்திருக்கும். அவங்க பேர் எதுலயும் இல்ல.

நடுவட்டத்துக் கைதிகள்

நீலகிரி டீ வாங்கினா, டப்பாவுல ஒரு கதை அடிக்கடி வரும்: அபின் போரில் பிடிபட்ட சீனக் கைதிகள் வந்து இங்கே டீ செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று. கேட்க நல்லா இருக்கு. ஆனா அந்தக் கால அரசுப் பதிவுகள் சொல்றது வேற.

சிங்கப்பூர், பினாங்கு அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் சிறைகள் நிரம்பி வழிந்தன. அங்கே தண்டனை பெற்ற சீனர்களைச் சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பினார்கள். அவர்களில் சிலரை 1860-களில் ஊட்டி-கூடலூர் வழியில் உள்ள நடுவட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவர்கள் உழைத்தது பெரும்பாலும் சின்கோனா தோட்டத்தில். மலேரியாவுக்கான கொய்னா எடுக்கும் மரம் அது. அவர்களை அடைத்த சிறைக் கட்டடம் இன்னும் அங்கே நிற்கிறது.

விடுதலையானவர்களில் சிலர் ஊருக்குத் திரும்பவில்லை. தமிழ்ப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டு, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் குடியிருந்தார்கள். 1909-ல் வெளியான தன் நூலில் எட்கர் தர்ஸ்டன் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். தர்ஸ்டன் மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து வகைப்படுத்திய ஆள், அந்தப் பார்வையை நாம ஏத்துக்க வேண்டியதில்ல. ஆனா ஒரு தகவல் முக்கியம். அவர்களின் பிழைப்பு காய்கறித் தோட்டம், கொஞ்சம் காப்பி, மாட்டுப் பால். டீ அந்தப் பட்டியல்லயே இல்ல.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, "சீன மாஸ்டர்கள்"னு டப்பாவுல போட்டா அது பெருமையா மாறிடுது. அவங்க விருந்தாளியா வரல. விலங்கு மாட்டிக் கொண்டுவரப்பட்டு, சம்பளமில்லாம மலை வெட்டினவங்க. பின்னாடி வந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் கதையும் பெருமைப் பட்டியல்ல வராது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலை போட்டது. இன்றைய டேன்டீ அதுதான்.

அப்போ மாஸ்டர் சொன்னது சரியா?

பாதி சரி. அவர் கிளாஸில் இருந்த தூள், சி.டி.சி. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இயந்திர முறை. அது அஸ்ஸாமில் 1930-களில் வந்தது. செடியோ சீனச் சிற்றிலை வகையும் அஸ்ஸாம் பேரிலை வகையும் கலந்தது. குடிக்கும் பழக்கமும் விளம்பரத்தால் வந்தது: உலக மந்தத்தில் ஏற்றுமதி படுத்தபோது, தேயிலைத் தொழில்துறையினர் ஊர் ஊராகப் போய் இலவசமாக டீ போட்டுக் கொடுத்தார்கள். பேரும் மூலமும் சீனா, மற்றதெல்லாம் இங்கே சேர்ந்தது.

நண்பனுக்கு நான் சொன்ன பதிலையும் சொல்லிடுறேன். சீன டீ வாங்கணும்னா தாராளமா வாங்கு. ஆனா "சைனா டீ"ன்னு மட்டும் எழுதியிருந்தா வாங்காதே. எந்த மாகாணம், எந்த வருஷம், எந்தப் பருவம்னு கேளு. லோங்ஜிங்னா ஹாங்சோ, பு-அர்னா யுன்னான். அந்தப் பு-அர் செய்யறதும் பேரிலை வகையிலதான், நம்ம அஸ்ஸாம் செடிக்குச் சொந்தக்காரன்! அதுக்கு முன்னாடி ஒரு நூறு கிராம் நீலகிரி ஆர்த்தடாக்ஸ் இலை வாங்கு. டிசம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள, பனிக்காலத்துல பறிச்சதா பார்த்து வாங்கு. பால், சர்க்கரை வேண்டாம். கொதிச்ச தண்ணியைக் கொஞ்சம் ஆறவிட்டு ஊத்து, மூணு நிமிஷத்துல வடிச்சிடு. கேத்தியில பிழைச்ச செடிகளோட உறவுக்காரங்களை அதுல குடிக்கலாம்.

அந்த டப்பாவுல ஒரு கதை எழுதியிருந்தா, அதையும் அப்படியே நம்பாம ஒரு கேள்வி கேளுங்க: இதுல யார் பேர் இருக்கு, யார் பேர் விட்டுப்போச்சு?

ஒரு சின்ன வீட்டுப்பாடமும் உண்டு. உங்க வீட்டுப் பெரியவங்க கிட்ட, அவங்க முதல்முதலா டீ குடிச்சது எப்போ, யார் போட்டுக் கொடுத்தாங்கன்னு கேட்டு எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அந்தக் கதைகளோட சந்திப்போம்.