233ஆம் பிரிவு விசாரணை (மலேசியா)

1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவின்கீழ் இணையப் பதிவுகள்மீது நடத்தப்படும் குற்ற விசாரணை. ஆபாசம், பொய், மிரட்டல் ஆகியவற்றை உள்ளடக்கி, பிறரைத் துன்புறுத்தும் நோக்கில் இடப்படும் பதிவுகளுக்கு இது பொருந்தும். உச்ச அபராதம் 2025 பிப்ரவரி 11 முதல் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாகவும், சிறைத்தண்டனை ஓராண்டிலிருந்து இரண்டாண்டாகவும் உயர்ந்தது.

2024 ஜூலையில், இணையப் பகடிவதைக்கு உள்ளான தமிழ்ப் பெண் ஒருவர் போலீஸ் புகார் அளித்த மறுநாள் உயிர்நீத்தார். குற்றவாளிகளுள் ஒருவருக்கு 233ஆம் பிரிவின்கீழ் அன்றி, சிறுகுற்றச் சட்டத்தின்கீழ் விதிக்கப்பட்டது வெறும் 100 ரிங்கிட் அபராதம். மகளை இழந்த தாய்க்கு அது நீதியாகப் படவில்லை. இதன் பின்னர், பகடிவதைக்கான தண்டனைச் சட்டப் பிரிவுகள் (507பி முதல் 507ஜி வரை) 2025 ஜூலை 11 அன்று நடப்புக்கு வந்தன.

மறுபுறம், கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா தோட்டப்புறங்களில் ஒரு மகன் 233ஆம் பிரிவின்கீழ் விசாரிக்கப்பட்டால், ஜாமீனுக்கு ஆள் தேடி அலைவதும் ஒரு தாயாக இருக்கலாம்.