மில் மூடிய பிறகும் பெரம்பூர்

பெரம்பூர், பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்பு. வரைபடத்தில் நான்கு பெயர்கள். மில்லுக்காரக் குடும்பங்களுக்கு ஒரே ஊர். என் தாத்தா பக்கிங்ஹாம் மில்லில் தறி ஓட்டினார். அப்பா அதே வளாகத்தில் வேலைக்குச் சேர்ந்து, கதவு சாத்தும் நாள்வரை இருந்தார். அந்த வீட்டில் வளர்ந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். எங்கள் ஊரின் கதையைச் சொல்பவர்கள், தொழிலாளர் சங்கம் பிறந்த 1918-ஐப் பெருமையோடு சொல்கிறார்கள். குடிசைகள் எரிந்த 1921 வந்ததும் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

இங்கே முதலில் வந்தது ரயில். மதராஸ் ரயில்வேயின் பணிமனை 1856-இல் பெரம்பூரில் அமைந்தது. கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ் என்று இரண்டு மின்ரயில் நிலையங்கள் இன்றும் அந்தப் பணிமனைகளின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அடுத்து வந்தது பஞ்சு. பின்னி கம்பெனியின் நிர்வாகத்தில் 1876-இல் பக்கிங்ஹாம் மில் உருவானது. அப்போதைய கவர்னரின் பெயர் அதற்கு. சில ஆண்டுகளில் பக்கத்திலேயே கர்நாடிக் மில்லும் எழுந்தது. 1920-இல் இரண்டும் ஒரே கம்பெனியாகி ‘பி அண்ட் சி’ ஆயின. பட்டாளத்துச் சிப்பாய்க்கும் போலீஸ்காரருக்கும் காக்கித் துணி இங்கிருந்து போனது.

வேலை தேடி வந்தவர்கள் ஒரே ஜாதியோ ஒரே மொழியோ அல்லர். செங்கல்பட்டு, வட ஆற்காட்டுக் கிராமங்களில் பண்ணை வேலையை விட்டு வந்த ஆதிதிராவிடர்கள், தெலுங்கு பேசும் நாயுடுகள், உருது பேசும் முஸ்லிம்கள், ரயில்வேயை நம்பி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் இந்த ஊர். ஒவ்வொருவரும் தமக்கென்று ஓர் அடையாளம் கட்டிக்கொண்டார்கள். தோல் வணிகத்தில் பெயர் பெற்ற ஜமால் குடும்பம் நிறுவிய அரபுக் கல்லூரியால் ஒரு பகுதிக்கே ஜமாலியா என்று பெயர் நிலைத்தது. கலவல கண்ணன் செட்டியார் பெயரில் பள்ளி நிற்கிறது. ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் ஆங்கிலோ இந்தியர்கள் நடனமாடினார்கள். கீழும் மேலுமாக இரண்டு அடுக்கு கொண்ட லூர்து மாதா கோயிலுக்கு பிப்ரவரித் திருவிழாவில் எங்கள் பாட்டியும் மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு போவாள். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் அதே பாட்டிதான். அதில் அவளுக்கு எந்த முரணும் தெரிந்ததில்லை.

இவர்கள் அத்தனை பேரின் பொழுதையும் ஒழுங்கு செய்தது மில் சங்கு. விடியற்காலை ஊதினால் அடுப்பு எரியும். மறுபடி ஊதினால் தெருவில் ஆண்கள் இருக்க மாட்டார்கள். சாப்பாட்டுக்கு விட்ட நேரம் அரைமணிதான். அதற்குள் கை கழுவி, உண்டு, தறிக்குத் திரும்ப வேண்டும். தாமதித்தால் சம்பளத்தில் பிடித்தம்.

இந்த அரைமணியும் மேஸ்திரிகளின் அடியும் வசவும்தான் சங்கத்தைப் பிறப்பித்தன. பெரம்பூரில் ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷினி சபை என்றொரு பக்தி சபை இருந்தது. அங்கே கூடிய தொழிலாளர்களின் குறைகளைக் கேட்டு மனம் பொறுக்காத வியாபாரிகள் இருவர், செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும். அவர்கள் அடையாறு சென்று, அன்னி பெசன்ட்டின் பத்திரிகையில் பணியாற்றிய பி.பி. வாடியாவைச் சந்தித்தார்கள். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. பம்பாய்ப் பார்சியான வாடியா தலைவர், திரு.வி.க. துணை நின்றார். இந்தியாவில் ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று இதையே வரலாற்றாசிரியர்கள் பலர் குறிப்பிடுகிறார்கள். சாப்பாட்டு நேரத்தை நாற்பது நிமிடமாக்கக் கேட்டதும் அதன் தொடக்கக் கோரிக்கைகளில் ஒன்று. பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்து சாப்பிட ஒரு சங்கமே தேவைப்பட்டது.

சங்கத்துக்கும் கம்பெனிக்கும் மோதல் முற்றியது. 1920 டிசம்பர் 9 அன்று போலீஸ் சுட்டதில் பாபுராவ், முருகன் என்ற இருவர் மாண்டார்கள். கம்பெனி உயர்நீதிமன்றத்துக்குப் போய் வாடியாமீது வழக்கிட்டது. அவர் தொழிலாளர் பணியிலிருந்து விலக நேர்ந்தது. சங்கம் நடத்துவதையே குற்றமாக்க முடியும் என்ற நிலையை அந்த வழக்கு அம்பலப்படுத்தியது. 1926-இன் தொழிற்சங்கச் சட்டம் வருவதற்கு அது ஒரு முக்கிய காரணம்.

இனி 1921. அந்த ஆண்டு வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் நிற்கவில்லை, மில்லுக்குத் திரும்பினார்கள். கையிருப்பு இல்லாத குடும்பங்கள் அவை. அவர்களின் தலைவர் எம்.சி. ராஜா வேலைநிறுத்தம் வேண்டாம் என்றார். சங்கத்தில் தோளோடு தோள் நின்ற சாதி இந்துக்கள், தெருவில் தங்களை என்னவாக நடத்தினார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் அவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. தொடர்ந்து மோதல், துப்பாக்கிச்சூடு, பிணங்கள். அக்டோபரில் தொழிலாளர்கள் தோற்றுத் திரும்பினார்கள். அன்று மாகாணத்தை ஆண்ட நீதிக்கட்சிக்குள்ளும் அந்த நெருப்பு விரிசல் போட்டது.

எரித்தவர்களைத் துரோகத்தைத் தண்டித்தவர்கள் என்று சொல்லும் கதையை நான் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். அது பொய்க் கதை. பசித்தவன் வேலைக்குப் போனான். அவன் வீடு எரிந்தது. சங்கம் சாப்பாட்டு நேரத்துக்காகப் போராடியது. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதை அது சாதிக்கவில்லை. அந்த வேலை பிறகுதான் மெதுவாக நடந்தது. குத்துச்சண்டை மேடையில், கால்பந்து மைதானத்தில், இரவுப் பள்ளியில், குடியிருப்பின் ஒரே குழாயடியில். பல தலைமுறை எடுத்தது; இன்னும் முடியவில்லை.

1955 அக்டோபர் 2-இல் நேரு தொடங்கிவைத்த ரயில்பெட்டித் தொழிற்சாலை வட்டாரத்துக்குப் புதுத் தெம்பு தந்தது. மில்லோ தளர்ந்துகொண்டே போய் 1996-இல் மூடியது. ஐம்பது வயதில் அப்பா வேறு தொழில் கற்க முடியாமல் கடைக்குக் கணக்கெழுதப் போனார். மில் வளாகத்தில் சினிமாக்காரர்கள் செட் போட்டார்கள். பிறகு அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுந்தன.

புதிதாகக் குடிவந்தவர்களிடம் எனக்கு வருத்தமில்லை, நாங்களும் வந்தேறிகளே. திரு.வி.க. நகர் என்று ஒரு சட்டமன்றத் தொகுதிக்கே பெயர் வைத்திருக்கிறோம். அது தகும். பாபுராவ், முருகன் பெயர்களையும், புளியந்தோப்பில் வீடிழந்தவர்களின் நினைவையும் சேர்த்து ஒரே கல்லில், பழைய மில் வாசலருகே பொறிக்க வேண்டும். மாநகராட்சிக்கு அது சின்னச் செலவு. அந்தக் கல்லைப் பார்க்கும் பிள்ளை, யார் எரித்தார்கள், ஏன் எரித்தார்கள் என்று கேட்கும். பதில் சொல்லப் பெரியவர்களாகிய நாம் தயாராக இருக்க வேண்டும்.