பதினைந்தாம் பிரிவு: ஜொகூர் மலாயாவோடு இணைந்த வரலாறு

ஒரு சிற்றரசு பெருநாட்டோடு இணைந்த பின்னரே அங்குச் சாலையும் இருப்புப்பாதையும் வந்தன என்று எழுதுவது வரலாற்று நூல்களின் வழக்கம். நம் ஜொகூருக்கு அது பொருந்தாது. பிறர் ஆட்சிக்குள் அடங்காதிருக்கவே அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.

1855ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் கைக்கு வந்த ஜொகூர், ஆற்று வழியன்றி வேறு வழியற்ற அடர்காடு. ஆற்றங்கரைதோறும் சீனருக்கு உரிமைச் சீட்டு அளித்து, மிளகும் கம்பிரும் பயிரிடச் செய்த வருவாயில் அரசு வளர்ந்தது. 1862இல் பொறுப்பேற்ற அவர் மகன் அபு பக்கார், 1866இல் தலைநகருக்கு ஜொகூர் பாரு எனப் பெயர் சூட்டினார். 1885இல் ஆங்கிலேயர் அவரைச் சுல்தானாக ஏற்றனர். மறு ஆண்டே இலண்டனில் ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தார். சிங்கப்பூர் ஆளுநரைத் தாண்டிப் பேச அவர் திறந்துவைத்த வாயில் அது எனலாம்.

1895 ஏப்ரல் 14இல் அவர் ஓர் அரசமைப்புச் சட்டத்தைப் பிறப்பித்தார். நாட்டை எந்த ஐரோப்பிய அரசுக்கும் ஒப்படைக்க ஆட்சியாளருக்கு உரிமையில்லை என்றும், மீறுபவரிடம் மக்கள் விசுவாசம் காட்டக் கடமைப்பட்டவரல்லர் என்றும் அதன் 15ஆம் பிரிவு கூறிற்று. தம் வழித்தோன்றல்களின் கைகளை ஓர் அரசரே கட்டிய விந்தை இது! 1896இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகியவை கூட்டமைப்பானபோது ஜொகூர் விலகியே நின்றது.

ஆயினும் 1909இல் நிறைவுற்ற இருப்புப்பாதையும் ரப்பரும் அந்நிய முதலீட்டைக் கொணர்ந்தன. 1914இல் ஆங்கிலேயப் பொது ஆலோசகர் அதிகாரத்தோடு அமர்ந்தார்; பெயரளவில்தான் ஆலோசகர். காடழித்துப் பால்மரம் வெட்டிய கைகளுள் தமிழர் கைகள் பல.

போர் முடிந்ததும், 1945 அக்டோபர் 20இல், மலாயன் யூனியன் திட்டத்திற்கு வழிவிடும் உடன்படிக்கையில் அபு பக்காரின் மகன் சுல்தான் இப்ராகிம் கையொப்பமிட்டார். ஜொகூர் மலாய்க்காரர் 15ஆம் பிரிவை எடுத்து நீட்டினர். தந்தை இயற்றிய சட்டம் மகனுக்கு எதிராகச் சான்று கூறியது. 1946 மே 11இல் ஜொகூர் பாரு இஸ்தானா பெசாரில், ஓன் ஜாபார் தலைமையில் அம்னோ பிறந்தது. யூனியன் மறைந்து, 1948 பிப்ரவரி 1இல் மலாயாக் கூட்டரசு அமைந்தது. ஜொகூரும் அதன் உறுப்பாயிற்று.

நாம் இங்கே சற்று நிற்கவேண்டும். இம்மண்ணில் பிறந்தோர்க்கு இன வேறுபாடின்றிக் குடியுரிமை வழங்க யூனியன் திட்டம் முன்வந்திருந்தது. கூட்டரசின் விதிகள் அவ்வாயிலைக் குறுக்கின. தோட்டத்து லயத்தில் பிறந்தும், பெற்றோர் கடல் கடந்து வந்தவர் என்பதால் விண்ணப்பம் எழுதிக் காத்திருந்தோர் நம் மூத்தோருள் பலர்.