நிலத்துக்கு ஒரு கணக்கு, உடலுக்கு ஒரு பதிவேடு: மாதனூர்த் தோல் வட்டாரத்தில் தொழில்நோய் அறிவிப்பு

ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே, பாலாற்றங்கரையில் இருக்கிறது மாதனூர். தோல் ஆலைக் கழிவால் இந்த வட்டாரம் அடைந்த இழப்பை யாரும் அளக்கவில்லை என்று சொல்ல முடியாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற நெறியை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று நிலைநாட்டியது. அதன் வழியில் அமைந்த சூழல் இழப்பு ஆணையம், 2001 மார்ச்சில் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. விளையாமல் போன வயலும் கெட்டுப்போன கிணறும் அந்தக் கணக்கில் ஏறின. அந்த ஆலைகளில் தோலைச் சுண்ணாம்புக் குழியிலிருந்து தூக்கிப் போட்ட கைகளுக்கு அதில் இடமில்லை. தொழிலாளியின் உடலுக்கு வேறொரு பதிவேடு சட்டத்தில் இருக்கிறது. அது தொடங்கும் இடம்தான் தவறு என்பது இக்கட்டுரையின் வாதம்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஆம் பிரிவுப்படி, விபத்தில் ஒருவர் இறந்தாலோ, 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனாலோ நிர்வாகம் அறிவிக்க வேண்டும் என்று இருந்தது. மாதச் சம்பளக்காரருக்கு இந்த அளவுகோல் பொருந்தலாம். பீஸ் கணக்கிலும் காண்ட்ராக்டிலும் வேலை செய்பவருக்கு 2 நாள் படுக்கை என்பது 2 நாள் கூலி. கட்டுப் போட்ட விரலோடு மறுநாளே வந்து நிற்பார். விபத்து பதிவேட்டுக்கு வெளியே நின்றுவிடும்.

தோல் ஷாப்பில் இதன் விளைவு கொடியது. முடி நீக்கப் பயன்படும் சோடியம் சல்ஃபைடு கலந்த கழிவுநீரும், பதனிடும் கட்டத்தில் வரும் அமிலக் கழிவுநீரும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு எழும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டதே என்று நம்பி இறங்குபவர் விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். அப்படியொரு தொட்டியின் விளிம்பில் தலைசுற்றி உட்கார்ந்து, தண்ணீர் குடித்துத் தேறி, மாலையில் வீடு திரும்பியவர்தான் அடுத்த மரணத்தை முன்கூட்டிச் சொல்லும் சாட்சி. 48 மணி நேர விதி அந்தச் சாட்சியைத்தான் விட்டுவிடுகிறது. பிணத்திலிருந்து எண்ணத் தொடங்கும் பதிவேட்டால் எந்த மரணத்தையும் தடுக்க முடியாது.

2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். ஆற்றையும் நிலத்தையும் காக்கவென்று எழுந்த நிலையத்தின் சேறே அவர்களை மூடியது. நிலத்தின் கணக்கையும் உடலின் கணக்கையும் தனித்தனியே வைத்துக்கொண்டதன் விலை அது என்றே நான் கருதுகிறேன்.

விபத்தாவது கண்ணில் படும். நோய் அப்படியன்று. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகில் வேலை காரணமாக ஆண்டுதோறும் இறக்கும் சுமார் 29 லட்சம் பேரில் 26 லட்சம் பேரைக் கொல்வது நோய்தான். தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை 29 நோய்களைப் பட்டியலிட்டது. குரோமியப் புண், ஆந்த்ராக்ஸ், தொடுகைத் தோல் அழற்சி மூன்றும் அதில் இருந்தன. மூன்றுமே தோல் தொழிலுக்கு அந்நியமல்ல. குரோமியப் புண் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காத புண்ணுக்காக யார் லீவு போடுவார்?

வீட்டுத் திண்ணையில் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் ஆம்பூர்ப் பக்கத்துப் பெண்களின் நிலை இன்னும் மோசம். திண்ணை தொழிற்சாலை ஆகாது. ஊசி குத்திய விரலும், வளைந்தே இருக்கும் முதுகும், மங்கும் கண்ணும் எந்த நிர்வாகத்தின் ஏட்டிலும் ஏறா. ஜப்பானில் இதே போல வீடுகளில் செருப்பு செய்தவர்களுக்குக் கால் கை மரத்துச் சோர்ந்தபோது, மருத்துவர்கள் 1,662 பேரைப் பரிசோதித்து 93 பேரிடம் நரம்பு நோயைக் கண்டார்கள். பசையில் இருந்த ஹெக்சேன்தான் காரணம் என்று 1969இல் எழுதினார்கள். முதலாளியின் அறிக்கைக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. உழைப்பவரைத் தேடிப் போனார்கள். அந்த ஹெக்சேன் நம் மூன்றாம் அட்டவணையில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை.

தொழிற்சாலைகள் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 48 மணி நேர அளவை அப்படியே வைத்துக்கொண்டது. மின்விசை பயன்படுத்தும் இடத்தைத் தொழிற்சாலை எனக் கொள்வதற்கான ஆள் எண்ணிக்கையை 10இலிருந்து 20 ஆக்கியது. சின்ன ஷாப்புகள் பல இதனால் தொழிற்சாலை என்ற வரம்புக்கு வெளியே போகும். இது பின்னடைவு.

ஆனால் பழைய சட்டத்தின் 89ஆம் பிரிவில் இருந்த ஒரு கடமை புதிய தொகுப்பிலும் உயிரோடிருக்கிறது. பட்டியலில் உள்ள நோயைக் காணும் மருத்துவரே தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்பது அது. பதிவேடு தொடங்க வேண்டிய இடம் ஆலை அலுவலகம் அன்று, மருத்துவரின் மேசை. அங்கே வருபவருக்கு வேலை போகும் பயம் குறைவு. புண்ணை மறைக்க மருத்துவருக்கும் காரணம் இல்லை. நோயாளியிடம் தொழிலைக் கேளுங்கள் என்று 1700இல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ராமாசினி, தோல் பதனிடுவோருக்கும் தம் நூலில் இடம் ஒதுக்கினார்.

மாதனூர், ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி வட்டார மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சொறி என்று களிம்பு எழுதும் முன், இளைப்பு என்று மருந்து எழுதும் முன், என்ன வேலை, எந்த டிரம், எந்தப் பசை, எத்தனை வருஷம் என்று கேளுங்கள். விடையைச் சீட்டிலேயே எழுதுங்கள். பட்டியலில் உள்ள நோயாயிருந்தால் அன்றே அறிவியுங்கள். அதற்கு இன்னொரு தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.