மின்பிறப்பாக்கி சுமக்கும் மோட்டார் வண்டி: மின் வண்டியா, கலப்பு வண்டியா?

கண்டியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலை மாத்தளை நகரைக் கடந்தபின் எதிர்ப்படும் சிற்றூர்களுள் ஒன்று பலாபத்வல. 1880ஆம் ஆண்டு கண்டியிலிருந்து இடப்பட்ட இருப்புப்பாதை மாத்தளையோடு நின்றுவிட்டமையால், பலாபத்வலை மக்களுக்கு அன்றுதொட்டு வீதியே வழி. கண்டிக்குச் சென்று மீள்வதாயின் 70 கிலோமீற்றர் அளவான பயணம். யாழ்ப்பாணத்துக்காயின் ஒருவழிப் பயணமே 300 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. 2015ஆம் ஆண்டளவில் இலங்கையில் பெருகிய நிசான் லீஃப் மின் வண்டிகளின் தொடக்ககால வகை 24 கிலோவாற்று மணி மின்கலவடுக்கைக் கொண்டது. முழு மின்னேற்றத்தில் அது 117 கிலோமீற்றர் ஓடும் என்பது அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகத்தின் கணிப்பு. கண்டிப் பயணத்துக்கு அது போதும். யாழ்ப்பாணத்துக்கு வழியில் இருமுறையேனும் மின்னேற்றல் வேண்டும்.

இக்குறையை நீக்கும் பொருட்டு, சிறியதொரு பெற்றோல் எஞ்சினையும் மின்பிறப்பாக்கியையும் வண்டிக்குள்ளேயே வைத்து, அவை தரும் மின்னைக் கொண்டு சக்கரங்களைச் சுழற்றும் முறை கையாளப்பட்டது. அத்தகைய வண்டி மின் வண்டியா, கலப்பு வண்டியா என்பது வெறும் பெயர் வழக்காகத் தோன்றலாம். ஆயின் செலுத்தவேண்டிய தீர்வையும், எரிபொருள் அற்ற நாளில் வண்டி நகருமா என்பதும் அதனோடு பிணைந்துள்ளன.

இவ்வெண்ணம் புதிதன்று. வியன்னாவிலே லோனர் வண்டித் தொழிலகத்திற் பணியாற்றிய பேர்டினன்ட் போர்ஷே, சக்கரக் குடத்தினுள்ளேயே மின்மோட்டார் பொருத்திய வண்டியொன்றை 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். ஈய மின்கலங்களின் பாரம் அதனை வருத்தியது. அக்காலத்திலேயே அவர் உருவாக்கிய மற்றொரு வண்டியில் இரு பெற்றோல் எஞ்சின்கள் இரு மின்பிறப்பாக்கிகளைச் சுழற்றின. எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே பொறிமுறைத் தொடர்பு எதுவும் இருக்கவில்லை. அதற்கு அவர் இட்ட பெயர் 'செம்பர் விவுஸ்'. இலத்தீன் மொழியில் 'என்றும் உயிருள்ளது' என்பது பொருள். அதனின்றும் வளர்ந்த விற்பனை வண்டி 'மிக்ஸ்ட்', அதாவது 'கலப்பு' என்றே அழைக்கப்பட்டது. சக்கரத்தைச் சுழற்றுவது மின்சாரம் மட்டுமே என்பதை நன்கறிந்தவர்களே அதனை மின் வண்டி என்னாது கலப்பு என்றனர். பிற்கால விளம்பரங்களிலும் இத்தகைய நேர்மையை எதிர்பார்த்தல் மிகையாகும்.

இலங்கையில் இதே அமைப்பு முதலில் இருப்புப்பாதை வழியாகவே வந்தது. 1934இல் ஆம்ஸ்ட்ரோங் விற்வேர்த் நிறுவனத்தின் டீசல்-மின் எஞ்சின் ஒன்று இலங்கைப் புகையிரதப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. 1938இல் இங்கிலிஷ் எலெக்ரிக் நிறுவனத்தின் மூன்று டீசல்-மின் தொடர்கள் சேவைக்கு வந்தன. 1950களில் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா வழங்கியவை, அந்நாட்டு மாகாணங்களின் பெயர் தாங்கி ஓடின. இவை யாவற்றிலும் டீசல் எஞ்சின் மின்பிறப்பாக்கியைச் சுழற்ற, அச்சுகளோடு இணைந்த மின்மோட்டார்களே வண்டியை இழுத்தன. எனினும் எவரும் அவற்றை மின்சாரப் புகையிரதம் என்றிலர். அப்பெயர், 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே தொடங்கிய தொடர்வண்டியைப் போன்று, வெளியிலிருந்து கம்பிவழி வரும் மின்னால் ஓடுவதற்கே உரியதாயிருந்தது. டீசல் எஞ்சினில் மின்சாரம் பற்சக்கரத் தொகுதியின் பணியையே செய்கின்றது. ஆற்றலின் பிறப்பிடம் டீசல் தாங்கியே. சக்கரத்தைத் தொடுவது எது என்பதனினும், ஆற்றல் எங்கிருந்து வண்டிக்குள் வருகின்றது என்பதே பெயரைத் தீர்மானிக்க வேண்டும். புகையிரதப் பொறியியலாளர் இதனை வாதமின்றியே தீர்த்திருந்தனர் எனலாம்.

மோட்டார் வண்டி உற்பத்தியாளர் மீண்டும் குழப்பினர். 2010ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்கு வந்த செவ்ரோலெட் வோல்ட் வண்டியை ஜெனரல் மோட்டர்ஸ் 'தூரம் நீட்டப்பட்ட மின் வண்டி' என்றது. மின்கலம் வறண்டபின் உயர்வேகத்திற் செல்கையில் அதன் எஞ்சினின் வலுவில் ஒரு பகுதி நேரே சக்கரத்தை அடையும் என்பது அவ்வாண்டு ஒக்ரோபரில் வெளிப்பட்டபோது, இது கலப்பு வண்டியே எனக் கண்டனம் எழுந்தது. அக்கண்டனம் சரியான முடிவுக்குத் தவறான காரணம் காட்டிற்று என்றே சொல்லவேண்டும். அப்பற்சக்கர இணைப்பு இல்லாதிருப்பினும் தாங்கியில் உள்ளது பெற்றோலே.

கலிபோர்னிய மாநிலத்து வளிமண்டல வளச்சபை 2012இல் வகுத்த விதி இவ்விடத்து நோக்கற்பாலது. எஞ்சின் துணையுள்ள மின் வண்டிக்கு அது தனிவகுப்பொன்றை ஏற்படுத்தி அளவைகளும் விதித்தது. மின்னால் மட்டும் 75 மைலேனும் ஓடவேண்டும். பெற்றோலால் ஓடும் தூரம் மின்னால் ஓடும் தூரத்தை விஞ்சலாகாது. மின்கலம் வறளும்வரை எஞ்சின் இயங்கலாகாது. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தனது ஐ-3 வண்டியின் 647 கன சென்ரிமீற்றர் துணை எஞ்சினோடு இவ்வகுப்பில் இடம்பெறும் பொருட்டு, அமெரிக்காவில் விற்ற வண்டிகளின் பெற்றோல் தாங்கியில் முழுக்கொள்ளளவையும் பயன்படுத்தவியலாதவாறு கணினி நிரல்மூலம் தடுத்தது. துணை என்பது துணையளவே இருக்கவேண்டும் என்ற கருத்து அங்கே சட்டமாயிற்று.

2016 நவம்பரில் யப்பானில் வெளிவந்த நிசான் நோட் ஈ-பவர் இதற்கு நேர்மாறானது. அதன் 1198 கன சென்ரிமீற்றர் எஞ்சின் சக்கரத்தைத் தொடுவதேயில்லை. 80 கிலோவாற்று மின்மோட்டாரே தொடுகின்றது. ஆனால் மின்கலவடுக்கு ஏறத்தாழ 1.5 கிலோவாற்று மணியளவே. வீட்டு மின்னை ஏற்றும் செருகியும் இல்லை. நிசான் இதனைப் புதுவகை மின் வண்டியாகவே விளம்பரஞ் செய்தது. ஆயினும் அமைப்பால் இது மாத்தளைக்கு வரும் டீசல்-மின் எஞ்சினின் தம்பியே. தம்பிக்குச் சிறியதொரு மின்கலம் உண்டு என்பதே வேறுபாடு.

சட்டச் சொற்களோ இருவேறு திசையில் இழுக்கின்றன. ஐக்கிய நாடுகளின் உலகத் தொழினுட்ப ஒழுங்குவிதி 15, ஆற்றலைச் சேமிக்கும் இடம் மின்கலம் மட்டுமேயாயிருப்பதையே தூய மின் வண்டி என்கின்றது. அதன்படி நோட்டும் ஐ-3 துணை எஞ்சின் வகையும் கலப்பே. 2017ஆம் ஆண்டுப் பண்டக் குறியீட்டுத் தொகுதியோ 8703.80 என்னும் இலக்கத்தை, உந்துதலுக்கு மின்மோட்டார் மட்டும் கொண்ட வண்டிக்கு ஒதுக்கியது. உந்துதலுக்கு எஞ்சினும் மின்மோட்டாரும் கொண்டவை 8703.40, 8703.60 என்னும் இலக்கங்களுக்கு உரியன. சொல்லுக்குச் சொல் பொருள்கொண்டால், நோட்டின் எஞ்சின் வண்டியை உந்துவதில்லையே என்று வாதிடல் கூடும். இலங்கையில் உற்பத்தித் தீர்வை, எஞ்சின் வண்டிக்குக் கன சென்ரிமீற்றராலும் மின் வண்டிக்குக் கிலோவாற்றாலும் அளக்கப்படும் முறை ஏற்பட்டபின், 1198 என்பதா 80 என்பதா அளவை என்பது வாங்குவோரின் பணப்பையைத் தொடும் வினாவாயிற்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வண்டி இறக்குமதி 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் அனுமதிக்கப்பட்டமையால், அவ்வினாவும் மீண்டது.

எந்தச் சட்டவாசகத்தினும் தெளிவாக இதனை விளக்கியது 2022ஆம் ஆண்டு. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டது. எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசை நின்றது. யூலையில் அறிமுகமான தேசிய எரிபொருள் அனுமதி அட்டை, மோட்டார் கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என வரையறுத்தது. அந்நாளில் லீஃப் உடையவர் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் மின்சாரம் வரும் நேரத்துக்காகக் காத்திருந்தார். நோட் உடையவர், 'மின் வண்டி' என்ற விளம்பரத்தை நம்பி வாங்கியிருந்தாலும், ஏனையோரோடு வரிசையிலேயே நின்றார். செருகியும் துணை எஞ்சினும் ஒருங்கேயுள்ள வண்டிக்கே இருவாயில் இருந்தது. ஒன்று அடைபட்டாலும் மற்றையதால் நகரலாம். ஆகவே செருகியற்றதைக் கலப்பு வண்டி என்பதில் ஐயமில்லை. செருகியுடன் நாளாந்தப் பயணத்துக்குப் போதிய மின்கலமும் உடையதைச் சட்டம் கலப்பு என்றாலும், பயன்பாட்டால் அது துணை எஞ்சின் கொண்ட மின் வண்டியே.

சுவரிலிருந்து வரும் மின்னும் நுரைச்சோலையில் நிலக்கரியை எரித்துப் பெறுவதுதானே என்பார் உளர். அது ஓரளவு உண்மை. ஆயின் பலாபத்வலையில் இரவில் ஏற்றப்படும் மின், நுரைச்சோலையினின்றும் வரலாம். பொல்கொல்லையில் மறித்த மகாவலி நீரால் 1976 முதல் இயங்கும், அதே மாவட்டத்து உக்குவளை மின்நிலையத்தினின்றும் வரலாம். பகலில் கூரைமேற் சூரியப் படலமும் தரலாம். வண்டிக்குள் இருக்கும் மின்பிறப்பாக்கிக்கோ பெற்றோல் ஒன்றே தெரியும்.