மலையகத்திலிருந்து நீலகிரிக்கு

குடியேறியவரைக் குடிமக்களாக ஏற்பதா என்னும் வாதம் அமெரிக்காவுக்கே உரியதாகப் பேசப்பட்டாலும், தமிழர் வரலாற்றில் அதன் கடுமையான வடிவத்தை இலங்கையின் மலையகமே கண்டது. 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தீவில் பிறந்தது மட்டும் போதாது, தந்தையோ அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்திருக்க வேண்டும் என விதித்ததால், முன்னோரின் பிறப்புச் சான்று இல்லாத இந்திய வம்சாவளித் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலோர் நாடற்றவர், அதாவது எந்த அரசும் தன் குடிகளாக ஏற்காதவர், ஆயினர். 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்களிடையே கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களுடைய விருப்பத்தைக் கேளாமலே, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கி, எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதியை 1974 வரை ஒத்திவைத்தது. பிறந்த நாட்டை வைத்துக் குடியேறுவோரை அளவிட்ட ஒதுக்கீட்டு முறையை அமெரிக்கா கைவிட்டது இந்த ஒப்பந்தத்துக்கு அடுத்த ஆண்டில்தான். தலைமன்னாரிலிருந்து கப்பலேறி, இராமேசுவரம் வழியாக மண்டபம் முகாமுக்கு வந்தவர்களை இந்திய அரசு ‘தாயகம் திரும்பியோர்’ என்று பதிவு செய்தது. அவர்களுள் பலர் இந்தியாவை அப்போதுதான் முதன்முதலாகக் கண்டனர். அவர்களுக்கு வேலை தருவதற்கென்றே 1968-இல் வனத்துறை நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டம் பின்னர் டான்டீ என்னும் அரசு நிறுவனமாயிற்று. மொழியும் தெய்வமும் ஒன்றாக இருந்தும், கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்கள் நெடுங்காலம் ‘சிலோன்காரர்’ என்றே அழைக்கப்பட்டதோடு, சாதிச் சான்றிதழுக்காக அலுவலகப் படிகளிலும் ஏறி இறங்க வேண்டியிருந்தது.